மொட்டைமாடியில் அசுவினி

புதன்கிழமை மதியம், பராமரிப்பு இல்லத்தின் இரண்டாம் மாடியில் ஏழாம் படுக்கைக்காரருக்கு அவருடைய மகள் வேகவைத்த காராமணிக்காயை ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கரண்டியில் கையை நிறுத்தினாள். கடுகு என்று அவள் நினைத்திருந்ததற்குக் கால்கள் இருந்தன.

அவள் உடனே கத்தவில்லை. கைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்தாள். அதை மேலாளருக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.

கால் மணி நேரத்தில் மேலாளர், அந்தக் காய் விளைந்த மொட்டைமாடித் தோட்டத்துக்கு வந்துவிட்டார். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு சமையல் மாஸ்டர். தோட்டக்காரி அப்போது காராமணிப் பந்தலுக்குக் கீழே நின்று பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மேலாளர் ஒரு கொழுந்தைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக அப்பியிருந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. எறும்புகள் தண்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

"இதென்னம்மா?"

"அசுவினி சார். செடிப்பேன்னும் சொல்லுவாங்க. நாலஞ்சு நாளா இருக்கு. கழுவித்தான் கீழ அனுப்பினேன்."

"என்னத்தைக் கழுவினீங்க, கையையா?" என்றார் மாஸ்டர்.

சமையலறையில் மாஸ்டர் வெள்ளை எனாமல் பேசினை மேடைமேல் வைத்தார். தண்ணீர் ஊற்றி, கை நிறைய உப்பைப் போட்டு, அன்று பறித்ததில் ஒரு கிலோ காயை அமுக்கினார். பதினைந்து நிமிடம் கழித்து, ஏலம் விடுகிறவர் குரலில் எண்ண ஆரம்பித்தார். எண்பத்து மூன்றில் முடிந்தது.

மேலாளர் கோபப்படுகிற ஆள் இல்லை. அதுதான் அவரிடம் பயம். "அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே பேசின், இதே ஒரு கிலோ. ஒண்ணு மிதந்தாலும் மருந்தடிக்கிற ஆள் மாடிக்குப் போவாரு. மருந்தடிச்ச காயை நோயாளிங்களுக்குக் குடுக்க முடியாது. குடுக்க முடியாத காய்க்குத் தோட்டம் எதுக்கு? பையெல்லாம் இறக்கிடலாம்."

"அப்போ நான் சார்?"

மேலாளர் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல பூச்சியைப் பாருங்க."

அதற்கு என்ன பொருள் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த இல்லத்தில் எழுந்து நடமாட முடியாதவர்கள் ஐம்பத்து நான்கு பேர் இருந்தார்கள். தோட்டத்துக்கு வருமுன் பத்தொன்பது வருடம் ஆயாவாக அவள் அவர்களைத் திருப்பிப் படுக்கவைத்தாள், துடைத்தாள், தூக்கி உட்காரவைத்தாள். அவள் இருந்த மாடியில் யாருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவளுக்குப் பினாயில் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் துடைத்த தரையில் ஈ உட்காரக்கூட யோசிக்கும். பார்க்க வருகிற உறவினர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். பெயரைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை.

இரண்டு வருடம் முன்பு, தொண்ணூற்றாறு கிலோ இருந்த ஒருவரைத் தனியாளாகத் தூக்கப்போய் முதுகுத் தண்டில் டிஸ்க் விலகிவிட்டது. மூன்று மாதம் படுக்கை. எழுந்து வந்தபோது டாக்டர் தூக்கவும் கூடாது, குனியவும் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார். தூக்கவும் குனியவும் முடியாத ஆயாவை வைத்து ஒரு இல்லம் என்ன செய்யும்? தலைமை நர்ஸ்தான் சண்டை போட்டு மொட்டைமாடியை வாங்கிக் கொடுத்தாள். உடைந்த இரும்புக் கட்டில்களை மேலே ஏற்றி, அவற்றின்மேல் மண்பைகளை வரிசையாக வைத்தார்கள். இடுப்பு உயரத்தில் செடி, குனிய வேண்டாம். ஐந்து கட்டிலில் இருபத்திரண்டு பை காராமணி. மற்றவற்றில் கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை. தோட்டம் போனால் கீழே அவளுக்கு வேறு வேலை கிடையாது. அவளுடைய வீட்டுக்காரர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். வாரத்தில் பாதி நாள் அவருக்கு மெஷின் வராது. வீட்டுக்கு நிலையாக வந்தது அவள் சம்பளம் ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே அவள் மாடியில் இருந்தாள். வார்டில் தொற்று வந்தால் எதைச் செய்வாளோ அதையே இங்கும் செய்தாள். முதலில் குழாயின் வாயை விரலால் அழுத்தி, கொழுந்துகளின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சினாள். அசுவினி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மிக மோசமான நுனிகளைக் கத்தரித்து, சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டு அமுக்கினாள். பிறகு மெல்லிய பஞ்சுத் துணியை நனைத்து, ஒவ்வொரு இலையாக இடது கையில் ஏந்தி வலது கையால் துடைத்தாள். குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி, மேலிருந்து கீழே, ஒரே இழுப்பு. மாலையில் வெயில் தணிந்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு சிறு கரண்டி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு என்று கலந்து இலைகளின் அடியில் தெளித்தாள்.

துடைக்கும்போது வேறு ஒன்றும் அகப்பட்டது. அரிசி நீளம், கருஞ்சாம்பல் நிறம், முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள், முன்பக்கம் ஆறு கால். குட்டி முதலை மாதிரி அவலட்சணமாக இருந்தது. அசுவினியாவது இருந்த இடத்தில் இருந்தது. இது ஓடியது. அசுவினியின் நடுவில்தான் எப்போதும் இருந்தது. சனியனைப் பெற்ற தாய் இதுதான் என்று முடிவு கட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் கட்டைவிரலால் நசுக்கினாள். வியாழன் மட்டும் அறுபதுக்கு மேல். வெள்ளியும் அப்படியே. தேடித் தேடி நசுக்கினாள். எதிலும் அரைகுறையாக விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அதில் ஒன்றை மட்டும் உயிரோடு பிடித்தாள். விதைக் கடைக்காரரிடம் காட்டி, இதற்கு என்ன போடுவது என்று கேட்கலாம் என்று எண்ணம். பிடித்ததைப் போட, சிறுநீர் பரிசோதனைக்குக் கொடுக்கிற மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் குப்பி ஒன்றை வார்டிலிருந்து எடுத்து வந்தாள். அசுவினி அப்பிய கொழுந்து ஒன்றையும் உள்ளே வைத்தாள், எதை நாசம் பண்ணுகிறது என்று காட்டுவதற்கு. ஊசியால் மூடியில் நான்கு ஓட்டை போட்டாள். பழக்க தோஷத்தில் ஒட்டுக் காகிதத்தில் விவரமும் எழுதினாள்: பை 14. வெள்ளி, பிற்பகல் 2.10. அசுவினி 41. முதலை 1.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது குப்பியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நாத்தனார் அதைப் பார்த்துத் தன் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி, சோறு சாப்பிடற இடத்துல யாரோட மூத்திரம்?"

"பூச்சி."

"நர்ஸ் ஆகணும்னு ஆசைப்பட்டீங்க. கடைசில செடிக்குப் பேன் பார்க்கிற உத்தியோகம். நல்ல உயர்வுதான்."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்றார் வீட்டுக்காரர் தங்கையிடம். பிறகு மனைவியிடம், "போகுதா?" என்றார்.

"காலையில துடைச்சா சாயங்காலம் பாதி வந்திடுது. நேத்தைவிட இன்னிக்கு அதிகம்."

"ஒரேயடியா எதையாவது அடிச்சிட்டா என்ன?"

 அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

சனிக்கிழமை காலை குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள். கொழுந்து பச்சையாக இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணினாள். அசுவினி ஆறு. அடியில் வெறும் தோல்கள், உமி மாதிரி. முதலை கொஞ்சம் பருத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு அசுவினியின் முதுகில் வாயை வைத்து, கால்கள் ஆடுகிற அதைத் தூக்கி, உறிஞ்ச ஆரம்பித்தது. ஐந்து.

மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டவள் மாதிரி, குப்பியை அப்படியே பையில் போட்டுக்கொண்டு விதைக் கடைக்கு நடந்தாள்.  

விதைக் கடைக்காரர் குப்பியை வாங்கி மூக்குக்கு அருகில் கொண்டுபோனார்.

"பொறிவண்டோட புழும்மா இது. செவப்பா, கறுப்புப் புள்ளியோட வட்டமா பறக்குமே, அதோட குட்டி. அசுவினியைத் தின்னே வளரும். நீங்க என்ன புண்ணியம் பண்ணீங்களோ, தானா வந்திருக்கு. எத்தனை இருக்கு?"

"இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா?"

"நசுக்கிட்டேன். நூத்துக்கு மேல."

கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். "சரி. போனது போச்சு. என்னிக்கு ஆகணும் உங்களுக்கு?"

"அடுத்த சனிக்கிழமை."

அவர் அலமாரியிலிருந்து ஒரு நீலக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இன்னிக்குச் சாயங்காலமே அடிங்க. திங்கட்கிழமை தேடினாலும் ஒரு பூச்சி இருக்காது. பறிக்க மட்டும் பத்து நாள் ஆகணும்."

"எனக்கு ஏழுதான் இருக்கு."

"ஏழுக்கும் பத்துக்கும் கண்ணால வித்தியாசம் தெரியவா போகுது?" என்றார். கெட்டவர் இல்லை, வியாபாரி.

அவள் நீலக் குப்பியைக் கையில் எடுத்தாள். சின்ன எழுத்துகளைப் படித்தாள். யாருக்கும் தெரியாது, அது உண்மை. பேசினில் எதுவும் மிதக்காது. ஏழாம் படுக்கைக்காரரின் மகள் திருப்தியாக ஊட்டுவாள். அவருக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. ஒன்பதாம் படுக்கைக்குக் கல்லீரல். பதினொன்றுக்கு மருந்தைத் தவிர வேறு ஒன்றும் உள்ளே தங்குவதே இல்லை. அவள் குப்பியைத் திரும்ப மேசையில் வைத்து, அவர் பக்கமாக நகர்த்தினாள். கை கொஞ்சம் மெதுவாகத்தான் நகர்ந்தது.

ஞாயிறு அவளுக்கு விடுமுறை. விடிந்ததும் வந்துவிட்டாள். இருபத்திரண்டு பைகளையும் இலை இலையாகப் பார்த்தாள். தப்பித்த புழுக்கள் நான்கு. அசுவினியோ துடைத்த இடமெல்லாம் திரும்ப வந்து, புதிதாகப் பூங்காம்புகளிலும் ஏறியிருந்தது. வேட்டையாடுகிறவனைக் கொன்றுவிட்டு மந்தையை விட்டுவைத்திருக்கிறாள். காவலுக்கு எறும்பு வேறு.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், கட்டில் கிடைக்காமல் தரையிலேயே விட்ட ஆறு பைகள் இருந்தன. போன பருவத்துக் காராமணி, களை மண்டி, காய்ந்தும் காயாமலும் கிடந்தது. குனிய முடியாததால் அவள் அந்தப் பக்கம் துடைக்கவில்லை, தெளிக்கவில்லை, நசுக்கவும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டாள். முதுகில் கத்தி ஏறி இறங்கியது. இலையைத் திருப்பினாள்.

ஒன்று. பக்கத்தில் இரண்டு. அடுத்த இலையில் ஐந்து. மஞ்சள் முட்டைக் குவியல்கள். வண்டுகளாகவே மூன்று. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புழுக்களைக் கையால் எடுத்தால் நசுங்கும். வீட்டுக்காரர் மெஷினுக்கு எண்ணெய் வைக்கிற மெல்லிய தூரிகையில் புதிது ஒன்று அவள் பையில் இருந்தது. புழுவின் முன்னால் தூரிகையை வைத்தால் அதுவே ஏறிக்கொண்டது. மாத்திரை போடுகிற காகிதக் கிண்ணத்தில் அதைத் தட்டி, எழுந்து, பந்தலுக்குப் போய், கொழுந்தில் இறக்கினாள். திரும்பி வந்து மண்டியிட்டாள். ஒன்பதாவது தடவை எழுந்திருக்க முடியவில்லை.

அப்படித்தான் தலைமை நர்ஸ் அவளைப் பார்த்தாள்.

"ஏய், என்னடி இது? குனிய மாட்டேன்னு கையெழுத்துப் போட்டு வேலைக்கு வந்தவ நீ. உன்னைத் தூக்க இங்க யார் இருக்கா?"

"தூக்க வேணாம். தோளைக் குடு."

தோளைக் கொடுத்து எழுப்பிவிட்டு, தலைமை நர்ஸ் கீழே போனாள். திரும்பி வரும்போது சக்கரம் வைத்த கமோடு நாற்காலியை லிப்டில் ஏற்றி, மீதிப் படிகளில் தூக்கிக்கொண்டு வந்தாள். "உட்கார்ந்து பண்ணு. நடுவுல ஓட்டைன்னு பார்க்காதே, இங்க இதைவிடத் தாழ்வா ஒண்ணும் இல்லை."

மதியத்துக்குள் எழுபத்தொரு புழுக்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். கடைசிப் புழுவை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, முதலில் விட்ட ஒன்றை நான்கு எறும்புகள் சேர்ந்து தண்டில் கீழே இழுத்துக்கொண்டிருந்தன. இன்னொரு இலையில் புழுவைச் சுற்றி வளைத்துக் கடித்துக்கொண்டிருந்தன. அசுவினி விடுகிற தேனுக்காக எறும்பு அதைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். பார்த்தது இப்போதுதான். காலையிலிருந்து முதுகு ஒடியக் கொண்டுபோய்ச் சேர்த்ததெல்லாம் எறும்புக்கு விருந்தாகிக்கொண்டிருந்தது.

எறும்பு எப்படி ஏறுகிறது? கட்டில் கால் வழியாக. அவள் சத்தமாகவே தன்னைத் திட்டிக்கொண்டாள். வார்டில் சர்க்கரை நோயாளியின் கட்டிலுக்கு எறும்பு வந்தால், நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது சேர்ந்த நாளிலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். இந்தக் கட்டில்களும் அதே கட்டில்கள்தான்.

ஐந்து கட்டில், இருபது கால், இருபது பழைய பிளாஸ்டிக் கிண்ணம். தலைமை நர்ஸ் கட்டிலை நெம்பித் தூக்க, இவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கிண்ணத்தைக் காலால் தள்ளினாள். கொசு முட்டையிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு சோப்பு. பந்தல் கயிறு கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்த இடத்தில் துணி சுற்றி, அதில் மெஷின் கிரீஸைத் தடவினாள். செடியில் ஏற்கெனவே ஏறியிருந்த எறும்புகளைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள். சாயங்காலம் எறும்பு வரிசை கட்டில் காலடியில் வந்து, கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. சோப்புத் தண்ணீர் கூடாது, வேப்பெண்ணெய் கூடாது, துடைக்கக் கூடாது. எதைப் போட்டாலும் புழுவுக்கும் கேடு. கண் முன்னால் கறுப்பாக அப்பிக் கிடக்கிறது, கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். திங்கட்கிழமை முழுதும் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றி, காய்ந்த தரையை இரண்டு தடவை பெருக்கினாள்.

செவ்வாய்க்கிழமை கீரை பறிக்க மாஸ்டர் மேலே வந்தார். பந்தலுக்குள் தலையை விட்டார்.

"அடிப்பாவி. பூச்சியைக் கொல்லச் சொன்னா இன்னொரு பூச்சியைக் குடிவெச்சிருக்கியே. இரு, சார்கிட்டப் போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க மாஸ்டர். சொல்றதுக்கு முன்னால இதைப் பாருங்க."

வாசிப்பு நேரத்தில் நோயாளிகள் வைத்துக்கொள்கிற பூதக்கண்ணாடி ஒன்றை அவள் எடுத்து வந்திருந்தாள். மாஸ்டர் சலித்துக்கொண்டே குனிந்தார். புழு ஒரு அசுவினியை முடித்துவிட்டு அடுத்ததைப் பிடித்தது. அதை முடித்து அடுத்தது. வாயைத் துடைத்துக்கொள்ளக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மாஸ்டர் நிமிரவில்லை.

"எத்தனை தின்னும்?"

"ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது."

"சரியான சாப்பாட்டு ராமன். இந்த மாதிரி நாலு பேர் கீழ இருந்தா எனக்குச் சட்டி மிஞ்சாது." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குத் தெரிஞ்சு குறை சொல்லாம சாப்பிடற ஒரே ஜீவன்" என்றார்.

மேலாளரிடம் அவர் சொல்லவில்லை. புதன்கிழமையும் கீரை வேண்டும் என்று வந்தார். வியாழக்கிழமை கீரை என்றுகூடச் சொல்லாமல் வந்தார்.

வியாழன் மாலை அவள் அரைக் கிலோவைப் பறித்து, வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து தனியாகப் பார்த்தாள். பதினாறு. ஒரு கிலோவுக்கு முப்பத்திரண்டு. எண்பத்து மூன்றிலிருந்து முப்பத்திரண்டு பெரிய இறக்கம். ஆனால் மேலாளர் கேட்டது இறக்கம் இல்லை, பூஜ்யம். கொழுந்துகள் நிமிர ஆரம்பித்திருந்தன. சில புழுக்கள் இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கூடாகிவிட்டன. அவை இனித் தின்னாது. வெள்ளிக்கிழமை அவள் ஒவ்வொரு காயின் காம்பையும் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டாள்.  அன்று வீட்டில் நாத்தனாரே முதுகுக்கு வெந்நீர்ப் பையை நிரப்பி, பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மருந்தடிக்கிற ஆள் வந்துவிட்டார். முதுகில் பம்பு, கழுத்தில் முகமூடி. சமையலறை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பறித்த காயை மேலாளரே எடை போட்டார். சரியாக ஒரு கிலோ. மாஸ்டர் பேசினை நிரப்பி, உப்பைப் போட்டு, காயை அமுக்கினார்.

மேலாளர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பேசினுக்குப் பக்கத்தில் வைத்தார், பதினைந்து நிமிடம் பார்ப்பதற்கு. குக்கர் ஒன்று இரண்டு தடவை கத்தி ஓய்ந்தது.

முதல் ஐந்து நிமிடத்தில் எதுவும் வரவில்லை. ஆறாவது நிமிடத்தில் ஒன்று மேலே வந்து மெல்லச் சுற்றியது. அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இன்னொன்று. மாஸ்டர் இந்தத் தடவை சத்தமாக எண்ணவில்லை. கரண்டியால் ஒவ்வொன்றையும் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தார்.

ஒன்பது.

மேலாளர் தட்டைப் பார்த்தார். "ஒண்ணுகூட மிதக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னீங்க சார்."

"அப்புறம்?"

"சார், நூத்தி நாலு டிகிரி காய்ச்சல்ல வந்தவருக்குத் தொண்ணூத்தொன்பதுன்னு இறங்கினா, மருந்து வேலை செய்யுதுன்னு எழுதுவோமா, இல்ல, இன்னும் காய்ச்சல் இருக்குன்னு வெளிய தள்ளுவோமா? எண்பத்து மூணு இருந்துச்சு. ஒன்பது இருக்கு. ஒரு சொட்டு விஷம் போடலை. பூஜ்யம்தான் வேணும்னா அந்த ஆளை மேல அனுப்புங்க. ஆனா அவர் அடிச்சா இந்த ஒன்பதோட சேர்ந்து அதைத் தின்னுற புழுவும் சாகும். அடுத்த மாசம் எண்ணூறு வரும். அப்பவும் அவர்தான் வரணும்."

மருந்தடிக்கிற ஆள் ஸ்டூலில் நெளிந்தார். அவருக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"முதல்ல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன் சார்" என்று அவள் தொடர்ந்தாள். "அந்த நல்ல பூச்சியை நூத்துக்கு மேல நான்தான் கொன்னேன். பண்ணலைன்னா இன்னிக்கு இந்த ஒன்பதும் இருந்திருக்காது. அது என் மேல எழுதிக்கோங்க. செடி மேல எழுதாதீங்க."

மேலாளர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். அன்று சத்தமாக எண்ணியது மாஸ்டர். அடுப்பும் அவருடையது. "இதை நீங்க சமைப்பீங்களா?"

அவள் மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த ஒன்பது கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தாள்.

மாஸ்டர் துண்டால் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார். "சார், உள்ளதைச் சொல்லிடறேன். கடையில வாங்கற கோசுல, கீரையில, இதுக்கு மேல மிதக்கும். நான் மூணு தண்ணி அலசறேன், உங்களுக்குத் தெரியாது. அன்னிக்கு இவங்க கழுவிட்டாங்கன்னு நம்பி ஒரு தண்ணியோட விட்டுட்டேன். அதுதான் தட்டுக்குப் போச்சு. சமைக்கிறேன். ஆனா பறிச்சதும் மாடியிலேயே உப்புத் தண்ணியில ஊறவெச்சு ரெண்டு தண்ணி அலசித்தான் எனக்குத் தரணும். மூணாவது தண்ணி நான்."

"தரேன்" என்றாள் அவள். 

மேலாளர் தட்டை மாஸ்டர் பக்கமாக நகர்த்தினார். பிறகு மருந்தடிக்கிற ஆளிடம், "மாடிக்கு வேணாம். வந்ததுக்கு இந்த ஸ்டோர் ரூம்ல கரப்பானுக்கு அடிச்சிட்டுப் போங்க" என்றார்.

"என் ஸ்டோர்ல கரப்பானா?" என்று மாஸ்டர் சிவந்தார்.

மருந்தடிக்கிற ஆள் எழுந்து முகமூடியை மாட்டிக்கொண்டார்.

"வாரா வாரம் பேசின்ல பார்க்கணும்" என்றார் மேலாளர், வாசலை நோக்கி நடந்தபடியே. "பத்துக்கு மேல போனா மறுபடி யோசிப்போம்."

"எழுதிக் குடுங்க சார்."

"என்னத்தை?"

"பத்துன்னு. அன்னிக்குப் பூஜ்யம்னீங்க, இன்னிக்குப் பத்துங்கறீங்க. அடுத்த வருஷம் உங்க இடத்துல வேற ஒருத்தர் வந்து மூணுன்னா நான் எங்க போறது?"

மேலாளர் அவளைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சரக்குப் பட்டியலின் பின்பக்கத்தில் நின்றபடியே இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் வாங்கி முழுதும் படித்தாள்.

"தேதி போடலை சார்."

போட்டார்.

தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு அவள் லிப்டுக்குப் போனாள். லிப்டு மூன்றாம் மாடியோடு சரி. அதற்கு மேல் பதினாறு படி. நடுவில் முதுகு பிடித்தது. அது விடுகிறவரை கைப்பிடியில் நின்றாள். மணி பத்தரை ஆகியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் கத்தரி இலைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை எதையும் நசுக்குவதற்கு முன்னால் என்னவென்று பார்த்துவிட்டு.